ஆறைந்து காதமும் நாலு மணி நேரமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தும், படித்தவற்றைத் தயக்கமின்றித் திறனாய்ந்தும் வளர்ந்திருக்கும் இவ்வட்டத்தின் விழாவில் உரையாற்றும் வாய்ப்பினைப் பெரும்பேறாகக் கருதுகின்றேன். 'அகப்பொருளில் பிரிவு' என்னும் தலைப்பையே விழாக்குழுவினர் முதலில் எனக்குத் தந்தனர். என் முனைவர் பட்ட ஆய்வு பாலைத்திணை பற்றியது. ஆதலால் அத்தலைப்பு எனக்கு எளிது. எளிது என்னும் காரணத்தாலேயே அதனைச் சற்று மாற்றிக்கொள்ள இசைவு வேண்டினேன். அவர்களும் அன்புடன் இசைந்தனர்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. திருவனந்தபுரத்திற்கும் துபாய்க்கும் இடையே தூரம் எவ்வளவு? விமானத்தில் சென்றால் நேரம் எவ்வளவு? பயணச்சீட்டு விற்கும் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வியை இலக்கிய அவையில் கேட்பதா எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இக்கேள்விக்கு விடை அறியாத தெரு நம் மாவட்டத்தில் இல்லை. தேங்காப்பட்டணத்தில் கேட்டாலும், குளச்சலில் கேட்டாலும், தோவாளையில் பூக்கட்டும் பெண்ணிடம் கேட்டாலும் "நாலு மணி நேரம்" என்றே விடை வரும். அவ்விடை எந்த அளவிற்கு உண்மை, எந்த அளவிற்கு ஆறுதல் என்று ஆராய்வதே என் நோக்கம்.

ஆச்சி கேட்டது

என் சொந்த வீட்டிலிருந்து தொடங்குவதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். 1986ஆம் ஆண்டு, எனக்கு ஆறு வயது நிரம்பியிருந்தபோது, என் தந்தையார் துபாய்க்கு வேலைக்குச் சென்றார். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, என் ஆச்சி, அதாவது தந்தையாரின் தாயார், திண்ணையில் அமர்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"மக்கா, அந்த ஊரு எவ்வளவு தூரம் இருக்கும்?"

"நாலு மணி நேரந்தாம்மா. நாகர்கோவில்லருந்து மதுரைக்கு பஸ்ஸுல போற நேரங்கூட ஆகாது."

"அப்பம் மதுரையவிடக் கிட்டத்தானா?"

தந்தையார் சிரித்தார். "ஆமாம்மா, கிட்டத்தான்" என்றார்.

ஆச்சி அதனை அப்படியே நம்பினார். அடுத்த வீட்டார் மகனைப் பற்றிக் கேட்கும் போதெல்லாம், "எம் மகன் மதுரைக்கு இந்தப் பக்கந்தான் இருக்கான்" என்று சொல்லிக்கொள்வார். கடிதம் வர இரண்டு வாரம் ஆயிற்று. குரலைப் பதிவு செய்த ஒலிநாடா, ஊருக்கு வரும் யாரேனும் ஒருவர் கையில்தான் வரும். மதுரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மகன் தீபாவளிக்கு ஏன் வருவதில்லை என்று ஆச்சி ஒருநாளும் கேட்டதில்லை.

1993ஆம் ஆண்டு ஆச்சி மறைந்தார். அன்றிரவே தொலைபேசியில் செய்தி சொல்லப்பட்டது. தந்தையாரின் கடவுச்சீட்டு அவர் வேலை பார்த்த இடத்தின் பெட்டகத்தில் இருந்தது. விடுப்புக்கு ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவர் ஊரில் இல்லை. பின்னர் பயணச்சீட்டுக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. நாலு மணி நேரத் தொலைவில் இருந்த மகன், பதினாறாம் நாள் அடியந்திரத்திற்குத்தான் வந்து சேர்ந்தார். மூத்த மகன் செய்ய வேண்டியதைச் சித்தப்பா செய்து முடித்திருந்தார். தந்தையார் திண்ணையில் வந்து அமர்ந்து அந்த முறத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணி நேரம் என்பது எப்போது பதினாறு நாளாயிற்று? பாலைப் பாடல்களை ஆராயப் புகுந்தபோது என் உள்ளத்தில் இருந்தது இக்கேள்வியே. ஆய்வேட்டில் அதனை எழுத இயலவில்லை. இங்கே சொல்கிறேன்.

காதமும் நாழிகையும்

தூரத்தை நேரத்தால் அளப்பது விமானம் வந்தபின் தோன்றிய வழக்கம் அன்று. தமிழர் தொன்றுதொட்டே அவ்வாறு அளந்தனர். 'நாழிகை வழி' என்னும் தொடரை நம் முன்னோர் ஒரு நீட்டலளவையாகவே வழங்கினர். நாழிகை என்பது 24 நிமிடம். ஏழரை நாழிகை வழி ஒரு காதம். ஏழரை நாழிகை என்பது மூன்று மணி நேரம். ஆகவே மூன்று மணி நேரம் இடைவிடாது நடந்து கடக்கும் வழியே காதம் ஆயிற்று. அதனை ஏறத்தாழ 10 மைல் என்று கணக்கிடுவர். காதத்தின் அளவு இடத்திற்கு இடம், காலத்திற்குக் காலம் மாறியதுண்டு. எனினும் அதன் அடிப்படை மனிதனின் கால்தான் என்பதில் ஐயமில்லை. 'கூப்பிடு தூரம்' என்னும்போது அளவுகோல் மனிதனின் குரல்.

இவ்வளவைகளின் சிறப்பு யாதெனில், செல்பவனுக்கும் இருப்பவளுக்கும் அவை ஒன்றே. காதம் என்று சொன்னால், அவ்வழியை நடவாதவளும் தன் காலால் அதனை உணர்ந்துகொள்வாள். வயலுக்கும் சந்தைக்கும் நடந்த கால் அது.

இனி நம் கேள்விக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். மைலில் 1,830 என்று கொள்ளலாம். காதக் கணக்கில் 183 காதம். கடலின்மேல் நடக்க இயலுமாயின், நாளொன்றுக்கு இரண்டு காதம் நடப்பவர் மூன்று திங்களில் துபாயை அடைவார். விமானம் அதனை நாலு மணி நேரத்தில், அதாவது பத்து நாழிகையில் கடக்கிறது. மூன்று திங்கள் பத்து நாழிகையாகச் சுருங்கியது எளிய செயல் அன்று. அதனைச் செய்து முடித்த அறிவியலை நான் குறைத்துப் பேச வரவில்லை.

நம் மண்ணின் பயண வரலாற்றையும் ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதி. தலைநகருக்கு விமானம் வந்துவிட்டது. ஆனால் நாகர்கோவிலுக்கு இரயில் வர மேலும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1979இல்தான் திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. திருநெல்வேலிக்கான பாதை 1981இல் வந்தது. ஆக, இரயிலைக் கண்டு பழகுவதற்கு முன்பே விமானம் ஏறியவர்கள் நம்மூரில் உண்டு. எனக்கு முந்திய தலைமுறைக்குத் தொலைவு என்றால் பம்பாய். நாஞ்சில் நாடனின் 'மிதவை' நாவல், வேலை தேடிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் செல்லும் நாஞ்சில் நாட்டு இளைஞனின் கதையே. பம்பாய்க்குப் போனவர்களுள் சிலர் அங்கிருந்து கப்பல் ஏறி வளைகுடாவிற்குப் போயினர். கராச்சி, மசுகட்டு எனத் துறைதுறையாகத் தொட்டு, நாள்கணக்கில் சென்ற பயணம் அது. அவ்வழியில் ஓடிய 'துவாரகா' என்னும் கப்பல் 1982வரை பணியில் இருந்தது. என் தந்தையார் விமானம் ஏறுவதற்கு நான்கு ஆண்டுகட்கு முன்புவரை!

வரைபடத்துக் கோடு

விமான நேரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம். கவிஞர்க்கு இவை வேண்டா என நினைப்பது தவறு.

புவி உருண்டையானது. ஆதலால் இரண்டு ஊர்கட்கிடையே மிகக் குறுகிய வழி, உருண்டையின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். தட்டையான படத்தில் அது சற்றே வளைந்து தோன்றும். விமானங்கள் அவ்வழியை முற்றிலும் பின்பற்றுவதில்லை. வகுக்கப்பட்ட வான்வழிகளில் செல்வதாலும், இறங்குமுன் சுற்றி வருவதாலும், உண்மையில் பறக்கும் தூரம் சற்றுக் கூடுதலே. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் செல்கிறது. இவ்வேகத்தில் 2,950 கிலோமீட்டரை வகுத்தால் மூன்றரை மணி நேரமே வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. மேலும், கால அட்டவணையில் காணும் நேரம், விமானம் நிலையத்தில் தன் இடத்தைவிட்டு நகர்வது முதல் மறுமுனையில் தன் இடத்தில் நிற்பது வரையிலான நேரமாகும். இவற்றையெல்லாம் சேர்த்தே நாலு மணி என்கிறோம்.

காற்றும் இதில் ஒரு பங்கு கொள்கிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவிற்கும் அரேபியாவிற்கும் மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று வீசுகிறது. அக்காலத்தில் மேற்கே போகும் விமானத்திற்கு அது எதிர்க்காற்று; கிழக்கே திரும்பும் விமானத்திற்குத் துணைக்காற்று. அதனால் போகும் வழி நாலேகால் மணி எனில், வரும் வழி நாலு மணிக்கும் குறையலாம். வீடு திரும்பும் வழி சில நிமிடம் குறுகியது என்பது எனக்குச் சிறிது மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் கடிகாரம் இதனை நேர்மாறாகக் காட்டும். துபாயின் நேரம் இந்திய நேரத்திற்கு ஒன்றரை மணி பின்தங்கியது. காலை பத்து மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்பட்டு நாலேகால் மணி நேரம் பறந்தவர், துபாயில் பகல் பன்னிரண்டேமுக்காலுக்கு இறங்குகிறார். கடிகாரக் கணக்கில் அவர் பயணம் செய்தது இரண்டேமுக்கால் மணி நேரமே. அவரே இரவு பத்து மணிக்குத் துபாயில் புறப்பட்டு, நாலு மணி நேரத்திற்குப் பத்து நிமிடம் குறைவாகவே பறந்தாலும், இங்கே இறங்கும்போது அதிகாலை மூன்று மணி இருபது நிமிடம். கடிகாரக் கணக்கில் ஐந்து மணி இருபது நிமிடம். போவது விரைவு, வருவது தாமதம் என்று கடிகாரம் சொல்கிறது, உண்மையோ வேறு. எண்கள் பொய் சொல்வதில்லை என்பர். எந்தக் கடிகாரத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

மற்றுமொரு கணக்கு. நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் செல்ல 70 கிலோமீட்டர் அளவு. அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். மார்த்தாண்டத்து நெரிசலில் அகப்பட்டால் இன்னும் கூடும். மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி, வண்டி என ஒன்றரை மணி நேரம். ஆக, வீட்டு வாசலிலிருந்து தங்குமிடத்தின் வாசல்வரை பத்தரை மணி நேரம் ஆகிறது. 'நாலு மணி நேரம்' என்பது அதில் பாதிகூட இல்லை.

இதுவும் உடலின் பயணக் கணக்குத்தான்.

கோவலன் சொன்ன எண்

சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையில் ஓரிடம். புகாரைவிட்டு இரவின் கடையாமத்தில் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும், காவிரிக் கரையோரமாக மேற்கு நோக்கி நடந்து, ஒரு காதத் தொலைவு கடந்து, கவுந்தியடிகள் இருந்த பள்ளிக்கு அருகே ஒரு சோலையை அடைகின்றனர். நடந்து பழகாத கண்ணகிக்கு இடை தளர்கிறது, அடி நோகிறது, மூச்சு வாங்குகிறது. மதுரை மூதூர் எது என்று கணவனை வினவுகிறாள். நடந்தது ஒரு காதமே. நடக்க வேண்டியதோ முப்பது காதம்.

கோவலன் முப்பது என்று சொல்லவில்லை. ஆறையும் ஐந்தையும் அடுக்கி 'ஆறைந்து காதம்' என்னும் பொருள்படச் சொல்கிறான். ஆறைந்து முப்பது என்று பெருக்கிக் கொள்வது ஒரு வகை. ஆறோ ஐந்தோ என்று செவியில் மயங்குவது மற்றொரு வகை. தளர்ந்தவள் அஞ்சாதிருக்க, உண்மையும் கெடாமல், அச்சமும் எழாமல் அவன் சொல்லைத் தேர்ந்தான் என்று உரைகூறுவோர் நயம் காட்டுவர். அதனோடு நில்லாமல், அண்மையில்தான் இருக்கிறது என்றும் சொல்கிறான். சொல்லும்போது சிரிக்கிறான் என்று இளங்கோவடிகள் ஒரு சொல் வைக்கிறார். அச்சிரிப்பு மகிழ்ச்சியில் பிறந்ததன்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை நினைவிற்கு வரும். "நாலு மணி நேரந்தாம்மா" என்று சொல்லிச் சிரித்த தந்தையாரும் பொய் சொல்லவில்லை. பிரிபவர் தம் தாய்க்குச் சொல்லக்கூடிய எண்களில் மிகச் சிறியதை அவர் தேர்ந்தெடுத்தார். நாலு மணி நேரம் என்பது நம் காலத்து ஆறைந்து காதம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கண்ணகி அவனுடன் நடந்தாள். இரண்டாவது காதத்திலோ மூன்றாவது காதத்திலோ அவளுக்கு உண்மை தெரிந்துவிடும். அடுத்த காதத்தில் அவனே கைகொடுப்பான். ஆச்சி நடக்கவில்லை. திண்ணையில் இருந்தார். ஏழாண்டுகள் அந்த எண்ணை நம்பிக்கொண்டே இருந்தார். உடன் நடப்பவளுக்குச் சொன்னது அருள். உடன் வராதவளுக்கு அதே சொல்லைச் சொன்னால் அது என்னவாகும் என்பதற்கு என்னிடம் சொல் இல்லை.

பிரிவின் அளவை

விமான நேரம் தூரத்தின் அளவையே. பிரிவின் அளவை வேறு. இதனைத் தொல்காப்பியர் தெளிவாக அறிந்திருந்தார். கற்பியலில் பிரிவுகட்கு எல்லை வகுக்கும்போது, எத்தனை காதம் செல்லலாம் என்று அவர் கூறவே இல்லை. கல்வியின் பொருட்டுப் பிரியும் பிரிவு மூன்றாண்டைக் கடவாது. வேந்தன் தொழிலின்பொருட்டுப் பிரிவது ஓராண்டிற்குள் முடியும். ஏனைப் பிரிவுகளும் அவ்வாறே என்கிறார். பொருள்தேடப் பிரிவதும் ஏனைப் பிரிவுகளுள் அடங்கும். ஆகத் தலைவன் எங்குச் சென்றாலும் ஓராண்டிற்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. வளைகுடா வேலையில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒப்பந்தக் காலம் இரண்டாண்டு. மூன்று திங்கள் நடைவழி பத்து நாழிகையாகச் சுருங்கிய காலத்தில், தொல்காப்பியர் இசைந்த ஓராண்டுப் பிரிவு இரண்டாண்டாக நீண்டிருக்கிறது. வழி குறுகக் குறுகப் பிரிவு குறையும் என்று நாம் எண்ணியது நிகழவில்லை. பிரிவை நீட்டுவது கடல் அன்று. கடவுச்சீட்டு, விசா, விடுப்பு, கடன், பயணச்சீட்டின் விலை ஆகியனவே.

கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்றும் அகத்திணையியல் கூறுகிறது. இன்று வளைகுடாவில் குறிப்பிட்ட ஊதியம் பெறுவோரே மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள இயலும். ஏனையோர்க்குத் தொல்காப்பியரின் அந்நூற்பா இன்றும் நடைமுறைச் சட்டமே. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இன்று நம் மாவட்டத்திலிருந்து செவிலியராகக் கடல் கடந்து செல்லும் பெண்கள் பலர். பொருள்வயின் பிரிபவள் தலைவியாகவும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்து வருந்துபவன் தலைவனாகவும் உள்ள வீடுகள் நம்மிடையே உண்டு. இவ்வீட்டிற்குத் துறைவகுத்த இலக்கண நூல் எதுவும் இல்லை. அதனை நீங்கள்தாம் எழுத வேண்டும்.

திருவள்ளுவர் 'அவர்வயின் விதும்பல்' என்னும் அதிகாரத்தில் இருவகை அளவைகளைக் காட்டுகிறார். ஒன்று, பிரிந்த நாள்களைச் சுவரில் குறித்து எண்ணி எண்ணித் தேய்ந்த விரல். மற்றொன்று, நெடுந்தொலைவு சென்றவர் வரும் நாளை எதிர்நோக்கி ஏங்குவார்க்கு ஒருநாள் ஏழுநாள் போலக் கழியும் என்னும் கணக்கு. இவ்விரண்டாவது கணக்கு வியப்பிற்குரியது. தொலைவு சென்றவர் என்று தூரத்தைச் சுட்டிவிட்டு, அத்தூரத்தை நாளால் பெருக்கிக் காட்டுகிறார் வள்ளுவர். செல்பவர்க்கு நாள் ஒன்று, இருப்பவர்க்கு ஏழு. இரண்டாண்டு ஒப்பந்தம் இக்கணக்கில் பதினான்கு ஆண்டாகும். மிகைக்கூற்று எனக் கொள்வோர் கொள்க. என் தாயாரைக் கேட்டால் குறைத்துச் சொன்னதாகவே கூறுவார்.

பாலைக்கு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டே பாலையாகும் என்பது இலக்கிய மரபு. நாமும், பாலை நீங்கலாக ஏனைய நானிலமும் அமைந்த மாவட்டம் என்று நம் மாவட்டத்தைப் பெருமையாகக் கூறிக்கொள்கிறோம். வடக்கே மலை, இடையே வயல், தெற்கே கடல். பாலை மட்டும் இல்லை. அது உண்மைதான். பாலை நிலம் 2,950 கிலோமீட்டர் அப்பால் இருக்கிறது. பாலை ஒழுக்கம் மட்டும் இங்கே நம் வயல்வரப்பு வீடுகளில் நிகழ்கிறது.

2020 தந்த பாடம்

நான் கூறுவது பழங்கதை, இன்று காணொளியில் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறார்களே என இளைஞர்கள் கூறலாம். உண்மைதான். ஒலிநாடாவிற்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. அது பெரும் நன்மை. ஆனால் 2020ஆம் ஆண்டை நாம் மறக்கலாகாது.

நம் கடற்கரை ஊர்களிலிருந்து ஈரான் முதலிய வளைகுடா நாடுகட்கு மீன்பிடி வேலைக்குச் சென்றவர் பலர். அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில், கொரோனா நோய்ப்பரவலால் ஈரானுக்கும் இந்தியாவிற்கும் இடையிலான விமானங்கள் நின்றுபோயின. துறைமுக ஊர்களிலும் படகுகளிலும் நம் மீனவர்கள் அகப்பட்டுக் கொண்டனர். ஈரானின் பந்தர் அப்பாசு துறைமுகம் துபாய்க்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கிருந்து நம் கரைக்கு நேர்த்தொலைவு 3,000 கிலோமீட்டர் அளவு. அதே நாலு மணி நேரம்தான். அவர்களுக்கோ மார்ச் கழிந்தது, ஏப்ரல் கழிந்தது, மே கழிந்தது. இங்கே வீடுகளில் பெண்கள் மனுக்களை எழுதிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திற்கு நடந்தனர். இறுதியில் இந்தியக் கடற்படையின் 'சலாசுவா' என்னும் கப்பல் சூன் 25 அன்று பந்தர் அப்பாசில் அவர்களை ஏற்றிக்கொண்டு, சூலை 1 அன்று தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் 687 பேர். அவர்களுள் நம் மாவட்டத்து மீனவர் பலர்.

அந்த மாதங்களில் கைப்பேசியில் முகம் தெரிந்தது, குரல் கேட்டது. ஆள் வர இயலவில்லை. விமானம் பறக்காதபோது 'நாலு மணி நேரம்' என்னும் எண்ணிற்குப் பொருளே இல்லை. தூரம் ஒரு கிலோமீட்டரும் கூடவில்லை. நேரம் மட்டும் நாலு மாதமாயிற்று. 1993இல் எங்கள் திண்ணையில் நிகழ்ந்தது, 2020இல் கடற்கரையெங்கும் நிகழ்ந்தது எனலாம்.

கவிஞர்கட்கு ஒரு விண்ணப்பம்

வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளைத் தொகுத்தபோது அவற்றைப் படிக்கும் நல்வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வளைகுடாப் பிரிவைப் பாடாத கவிஞர் நம்மில் மிகச் சிலரே. எனினும் உரிமையோடு ஒரு குறையைச் சுட்ட விரும்புகிறேன். பெரும்பாலான கவிதைகளில் மணல் இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, நறுமணப் புட்டி இருக்கிறது, கண்ணீர் நிரம்ப இருக்கிறது. அளவை இல்லை. எவ்வளவு நாள், எவ்வளவு கடன், எந்தக் கையெழுத்திற்காகக் காத்திருந்தார், எந்தச் சடங்கிற்கு வர இயலவில்லை என்பவை இல்லை. சங்கப் புலவன் சுவரில் இட்ட கோட்டைக் காட்டினான். வள்ளுவர் தேய்ந்த விரலைக் காட்டினார். கண்ணீர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர்கள் அமையவில்லை.

கோவலனின் தொழில் ஆறைந்து என்று சொல்வது. பிரிபவர் அவ்வாறுதான் சொல்வர், சொல்லவும் வேண்டும். முதுமையில் ஊர் திரும்பிய என் தந்தையாரிடம் ஒருநாள் இதுபற்றிக் கேட்டேன். "வேற என்ன மக்களே சொல்லச் சொல்லுக? மூவாயிரம் கிலோமீட்டர்னு சொன்னா அவ சோறு தின்னுவாளா?" என்றார். பிறகு சற்றுநேரம் கழித்து, "ஏறி உக்காந்தப்பொறம் நானும் அந்த நாலு மணி நேரத்தத்தான் நெனச்சிக்கிட்டேன்" என்றார். அவரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை.

ஆனால் இளங்கோவடிகள் கோவலன் அல்லர். கோவலன் சொன்ன எண்ணையும் அவர் பதிவு செய்தார்; அதற்குள் முப்பது ஒளிந்திருப்பதையும் நாம் கண்டுகொள்ள வைத்தார்; அவன் சிரித்ததையும் மறவாமல் எழுதினார். சொன்ன எண், மறைத்த எண், சொல்லும்போது முகம் இருந்த நிலை ஆகிய மூன்றையும் சேர்த்து வைப்பதே புலவனின் கடமை என்று நான் கருதுகிறேன். பயண அட்டவணை முதல் எண்ணைத் தரும். இரண்டாவதையும் மூன்றாவதையும் தர வேறு யாரும் இல்லை.

நிறைவாக ஒன்று. என் மாணவி ஒருவர் இவ்வாண்டு செவிலியர் பணிக்காகத் துபாய் செல்கிறார். விடைபெற வந்தபோது அவருடைய தாயாரும் உடன் வந்திருந்தார். "எவ்வளவு தூரம் அம்மா அது?" என்று அத்தாய் என்னைக் கேட்டார். மாணவி முந்திக்கொண்டு, "நாலு மணி நேரந்தாம்மா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அத்தாயிடம், மகளின் விடுப்பு எப்போது வரும், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், அவசரத்திற்கு யாரை அழைக்க வேண்டும் என்பவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். தாயும் மகளும் அங்கேயே அமர்ந்து எழுதினர். விடுப்பு வரும் நாளை எழுதும்போது அத்தாய் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவ்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாளில் இருந்ததுதான் திருவனந்தபுரத்திற்கும் துபாய்க்கும் இடையே உள்ள தூரம்.